லேப்டாப்போடு குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கு

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்று எங்கள் கடற்கரை ஊர்களில் இப்போது ஒரு புதுப் பேச்சு. சென்னை, பெங்களூரு கம்பெனிகளுக்கு வீட்டில் இருந்தபடியே வேலை பார்க்கிற பிள்ளைகள், "இந்த வேலையை விடாமலே பொண்டாட்டி பிள்ளைகளோடு வெளிநாட்டில் போய்க் குடியேறிவிடலாமா ராத்தா?" என்று கேட்கிறார்கள். ராமநாதபுரத்தில் வருமான வரிக் கணக்குப் பார்ப்பது என் தொழில் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாராளமாகப் போங்கள். ஆனால் சம்பளத்தை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். அந்த நாட்டில் தங்கும் உரிமை கையில் இருக்கிறதா, அல்லது அதற்கு வழியாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

போங்கள் என்று நான் சொல்வதற்கு எங்கள் ஊரின் கதையே காரணம். வாப்பா சவூதியில், உம்மா ஊரில். என் வயதுக்காரர்கள் பலர் அப்படி வளர்ந்தவர்கள்தான். பிள்ளை முதன்முதலில் பேசியதை டேப்ரிக்கார்டரில் பதிந்து, ஊருக்கு வந்து திரும்புகிற யாரிடமாவது கேசட்டைக் கொடுத்தனுப்பிய காலம் அது. அந்தப் பணத்தில்தான் வீடு எழும்பியது, நாங்கள் படித்தோம், அக்காமார்களுக்குக் கல்யாணம் நடந்தது. அதற்கெல்லாம் விலையாகப் போனது அவர்கள் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டிய வருஷங்கள். இன்றைக்கு ஒரு பையன் தன் பிள்ளையோடு சேர்ந்து காலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வேலையைத் தொடங்க முடியும் என்றால், அதை நான் ஒருநாளும் தடுக்கமாட்டேன்.

சரி, விசாவுக்கு வருவோம். ரிமோட் வேலைக்காரர்களுக்கென்றே பல நாடுகள் விசா தருகின்றன. ஐக்கிய அரபு அமீரகத்தில் மாதம் 3,500 டாலர் வருமானம் காட்டினால் ஒரு வருஷம், பிறகு புதுப்பிக்கலாம். மலேசியாவின் டி ரந்தாவ் பாஸ் அதிகபட்சம் 12 மாதம், அதற்கு மேல் இன்னும் 12 மாதம் நீட்டிக்கலாம். தாய்லாந்து 2024-இல் கொண்டுவந்த விசாவின் ஆயுள் 5 வருஷம், ஆனால் ஒருமுறை நுழைந்தால் 180 நாள்தான். இவற்றில் எதுவுமே அதன் பலத்தில் நிரந்தரக் குடியிருப்பு தராது. வேலை போனாலோ, கம்பெனி 'எல்லாரும் ஆபீசுக்குத் திரும்புங்கள்' என்று சொன்னாலோ, படிப்பின் நடுவில் பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுத்துக்கொண்டு மூட்டை கட்ட வேண்டியதுதான். தனி ஆளாகப் போய் ஒரு வருஷம் ஊர் சுற்ற இவை அருமையான விசாக்கள். நிரந்தரக் குடியேற்றம் என்று குடும்பத்திடம் சொல்லிக் கூட்டிப் போக இவை போதாது.

போர்ச்சுகலும் ஸ்பெயினும் வேறு மாதிரி. அங்கே ரிமோட் விசாவில் முறைப்படி வாழும் காலம் கணக்கில் சேரும், 5 வருஷம் முடிந்தால் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் போர்ச்சுகல் அந்த நாட்டுக் குறைந்தபட்சச் சம்பளத்தைப் போல நான்கு மடங்கு வருமானம் கேட்கிறது, ராமநாதபுரத்துப் பையனின் ரூபாய்ச் சம்பளத்துக்கு அது பெரிய ஏணி. நேரமும் இடிக்கும். குளிர்காலத்தில் லிஸ்பன் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். இங்கே காலை 9 மணிக்கு மீட்டிங் என்றால் அங்கே விடியற்காலை மூன்றரை. குடும்பத்தோடு இருக்கப் போய்விட்டு, வீடு விழித்திருக்கும்போது நாம் தூங்குவதில் என்ன இருக்கிறது?

ரிமோட் வேலை என்றால் எங்கிருந்தும் பார்க்கலாம் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. நீங்கள் இன்னொரு நாட்டில் உட்கார்ந்து வேலை பார்த்தால், உங்கள் கம்பெனிக்கு அந்த நாட்டில் வரி, தொழிலாளர் சட்டம், சமூகப் பாதுகாப்பு நிதி என்று பொறுப்புகள் வந்து சேரக்கூடும். அதற்குப் பயந்து சில கம்பெனிகள் "காண்ட்ராக்டராக மாறிக்கொள்" என்கின்றன. மாறினால் பி.எஃப்., மருத்துவக் காப்பீடு, சம்பளத்தோடு விடுப்பு எல்லாம் போய்விடும். மேனேஜர் வாய்மொழியாகச் சரி என்றார் என்பதை நம்பி டிக்கெட் போடாதீர்கள், தம்பிகளே. மனிதவளத் துறையிடமிருந்து எந்த நாடு, எவ்வளவு காலம், எந்த ஒப்பந்தம் என்று எழுத்தில் வாங்குங்கள்.

வரியில் நான் பார்க்கிற சிக்கல் பெரும்பாலும் துபாய் போகிறவர்களுக்கு வருகிறது. அங்கே வருமான வரி இல்லை, இங்கேயும் இல்லை என்று கணக்குப் போடுகிறார்கள். இந்தியாவிலிருந்து வரும் வருமானம் 15 லட்சத்தைத் தாண்டி, வேறு எந்த நாட்டிலும் வரி கட்டும் நிலையில் இல்லாத இந்தியக் குடிமகனை இங்கே வசிப்பவராகவே கருத 2020-இல் சட்டம் வந்துவிட்டது. உங்கள் சம்பளம் அதில் வருமா வராதா என்பது ஒவ்வொருவரின் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. வசிப்பவர் என்ற நிலை போன பிறகும்கூட, சம்பளம் நேராக இந்திய வங்கிக் கணக்கில் வந்து விழுந்தால் இங்கே வரிக் கேள்வி எழும். ஊரில் இருக்கும் சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றியாக வேண்டும், இதைப் பாதிப் பேர் செய்வதில்லை.

அப்புறம் பெண்கள். கீழக்கரையில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். உம்மா, சாச்சி, ராத்தா, பக்கத்து வீட்டு மாமி என்று ஒரு கூட்டத்துக்கு நடுவில்தான் ஒருத்தி பிள்ளை பெற்று வளர்க்கிறாள். ஆண்கள் இத்தனை காலம் பயணத்தில் இருந்தும் எங்கள் வீடுகள் நின்றது அந்தக் கூட்டத்தால். குடும்பத்தோடு போவது என்றால் அவளை அதிலிருந்து எடுத்து, பகல் முழுக்கக் கணவன் மீட்டிங்கில் இருக்கிற ஒரு ஃபிளாட்டில் வைப்பது. பல நாடுகளில் துணைவருக்குத் தரும் விசாவில் வேலைக்கும் போக முடியாது, ஸ்பெயின் போன்ற சில நாடுகளில் முடியும். எந்த நாடு என்று முடிவெடுக்கும் பேச்சில் அவளுடைய படிப்பும் வேலையும் கணவனுடைய சம்பளத்துக்குச் சமமாக வைத்துப் பேசப்பட வேண்டும். என்னிடம் வருகிறவர்களில் மனைவியையும் கூட்டி வருகிறவர்கள் குறைவு. இது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இந்தக் கரைக்கு இதெல்லாம் புதிதும் அல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் குடும்பம் குடும்பமாகப் போனவர்கள் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு, மருத்துவச் சோதனை முடிந்துதான் கடல் கடந்தார்கள். தலைமுறை தலைமுறையாக உழைத்தார்கள், பிள்ளைகள் அங்கேயே பிறந்தார்கள். இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் இரு நாட்டுப் பிரதமர்களும் போட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானது, அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. உழைப்பும் சம்பளமும் ஒரு நாட்டில் இருக்கும் உரிமையைத் தானாகத் தந்துவிடாது என்பதை அப்படித் திருப்பி அனுப்பப்பட்டு மண்டபத்து ரயிலடியில் வந்து இறங்கியவர்கள் அறிந்திருந்தார்கள்.

அதனால் என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பிள்ளைகள் இன்னும் பள்ளி சேராத வயதா, மனைவிக்கும் விருப்பமா, கம்பெனி எழுத்தில் தந்ததா, அந்த விசாவில் நிரந்தரத்துக்கு வழி இருக்கிறதா? இந்த வருஷமே போங்கள். விசா ஒரு வருஷத்துடையது மட்டும்தான் என்றால், வீட்டை விற்காமல், உம்மா வாப்பாவிடம் நிரந்தரம் என்று சொல்லாமல், ஒரு வருஷம் என்றே சொல்லிவிட்டுப் போங்கள். பிள்ளை பத்தாம் வகுப்பில் இருந்தால் தேர்வு முடியட்டும்.