இருபது வருசமா மாபிள் பதிக்கிறாராம்!

இண்டைக்குக் காலையில தேத்தண்ணிக் கோப்பையோட மாமரத்தடிக்குப் போய்க் கதிரையில இருந்தன். "டொக்" எண்டு கீழ பதிச்ச மாபிள் கல்லு ஒரு மூலையால ஆடிச்சு. பாதித் தேத்தண்ணி எண்ட மடியில. இனிப் பொறுக்கேலா.

மட்டக்களப்புக் கல்லடியில எங்கட வளவு முழுக்க மணல். பின்னேரத்தில நாலு சனம் வந்தா கால்ல மண் ஒட்டாம இருந்து கதைக்க ஒரு இடம் வேணும் எண்டு, பன்னிரண்டடிக்குப் பத்தடி இடத்துக்கு வெளியில போடுற போசிலின் மாபிள் (டைல்தான், நாங்க மாபிள் எண்டுறது) வாங்கினம். 20 மில்லிமீற்றர் கனம், ரெண்டடிக்கு ரெண்டடி, 30 கல்லு. ஒண்டு 17 கிலோ கிட்ட வரும். நான் கட்டின சீட்டுக் காசு அவ்வளவும் அதுக்குள்ள போச்சு. கல்லில ஒரு குறையும் இல்ல. குறை எல்லாம் கல்லுக்குக் கீழ.

மேசன் அண்ணன் வந்து மணலை ரெண்டு தரம் பலகையால இழுத்தார். "கிறவல், சல்லி போட்டு இடிக்கிறல்லையா அண்ணன்?" எண்டு கேட்டன். "தங்கச்சி, நான் இருபது வருசமா மாபிள் பதிக்கிறன்." அதோட கதை முடிஞ்சு. இந்த இருபது வருசத்தை யாருதான் கண்டுபிடிச்சாங்களோ! மேசனிட்டக் கேளுங்க, ஓடாவியிட்டக் கேளுங்க, எல்லாருக்கும் இருபது வருசம். இருபது வருசமாப் பிழையாச் செய்தாலும் அது இருபது வருசம்தானே.

போசிலின் தண்ணி குடிக்காது. 0.5 வீதம்கூட உறிஞ்சாது. கடையில அதைச் சொல்லித்தான் விக்கிறாங்க. தண்ணியே குடிக்காத கல்லு சீமெந்துப் பாலை மட்டும் எப்படிக் குடிச்சுப் பிடிக்கும்? பின்பக்கம் வெள்ளையா ஒட்டிக் கிடக்கிற தூளைத் துடைச்சு, டைல் மோட்டாரை, அதான் டைல் ஒட்டுற கலவையை, கல்லு முழுக்கப் பூசி, கீழ பொள்ளல் இல்லாமப் படுக்க வைக்கணும். அந்தக் கலவைப் பையை நானே வாங்கித் தாறன் எண்டன். "வீண் செலவு" எண்டிட்டு, சீமெந்துக் கலவையை அப்பத்துக்கு மா ஊத்துற மாதிரி அஞ்சு இடத்தில போட்டு, கல்லை வச்சு, ரப்பர் சுத்தியலால நாலு தட்டு. எங்கட வீட்டுக்காரர் பக்கத்தில நிண்டு, "அவருக்குத் தெரியும், நீ பேசாம இரு" எண்டார். (அவரோட எனக்கு வேற கணக்குக் கிடக்கு.)

கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில ஒரு நூல் போகாது. அதைத்தான் மேசன் அண்ணன் பெருமையாக் காட்டினார். வெளியில 5 மில்லிமீற்றராவது விடணும். இனிக் கச்சான் காத்தும் அந்த வெயிலும் தொடங்கினாக் கல்லு விரிய எங்க இடம்?

சரிவையும் கேட்டன். பத்தடிக்கு ஒண்டரை அங்குலம் இருந்தாத்தான் தண்ணி ஓடும். இவர் மட்டத்தை வச்சுக் காட்டி, "பாருங்க, தண்ணி ஊத்தினா அசையாது" எண்டார். உண்மைதான். மாரி மழை கொட்டிச்சு, தண்ணி அசையவே இல்ல. நடுவில குளம். ஒரு கிழமையில அதுக்குள்ள நுளம்புப் புழு நெளியுது. டெங்குக்குப் பார்க்க வாற ஆக்கள் கண்டா வழக்கு எனக்கா, அவருக்கா?

ஓரத்துக்குக் கட்டும் இல்ல. மழைத்தண்ணி மணலை அரிச்சுக்கொண்டு போக, கரைக் கல்லெல்லாம் அந்தரத்தில நிக்குது. தட்டித் தட்டி எண்ணினன்: 30இல 19 கல்லு டொக்கு டொக்கு எண்டுது. உள்ள எறும்பு குடியேறி மணலை மேல தள்ளுது. நூல் போகாத இடத்தால எறும்பு மட்டும் வடிவாப் போய் வருது!

கோல் எடுத்தா "மறுகா வாறன் தங்கச்சி". அது தைப்பொங்கலுக்கு முந்திச் சொன்ன மறுகா. சித்திரை வருசமும் போயிற்று. போன கிழமை திரும்ப எடுத்தன். "மணல் நிலம் தங்கச்சி, நான் என்ன செய்ய?" எண்டார். கல்லடியில மணல் இல்லாம மலையா இருக்கும்? மணல் எண்டுதானே அண்டைக்கே கிறவல் போட்டு இடிக்கச் சொன்னன்!

நேற்றுப் பின்னேரம் மாமி வந்தா. ஒரு கல்லில காலை வச்சுப் பார்த்தா. ஒண்டும் பேசாமக் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் மணலில போட்டு இருந்திட்டா.