ட்வீட் பள்ளத்தாக்கில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் மண்வெட்டியையும் தொட வேண்டும்

ஸ்காட்லாந்துக்கு வருகிறேன், மலையில் சைக்கிள் ஓட்ட எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும் நான் ட்வீட் பள்ளத்தாக்கைத்தான் சொல்வேன். எடின்பரோவிலிருந்து தெற்கே பேருந்தில் ஒரு மணி நேரம். முதலில் பீபிள்ஸ், அதற்குக் கிழக்கே இன்னர்லீத்தன், அப்புறம் வாக்கர்பர்ன் என்று ஆற்றோரமாகவே சின்னச் சின்ன ஊர்கள். இரண்டு பக்கமும் ஆடு மேயும் புல்சரிவுகள், அவற்றுக்கு மேலே ஊசியிலைக் காடு, காட்டுக்கும் மேலே ஹெதர் புதர் படர்ந்த மொட்டைக் குன்றுகள். ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று சால்மன் மீனுக்குத் தூண்டில் போட்டுக்கொண்டிருப்பார்கள். அந்தக் காட்டுக்குள்தான் பிரிட்டனின் பேர்போன மவுண்டன் பைக் தடங்கள் இருக்கின்றன.

போய்வந்தவர்கள் போடும் பதிவுகளைப் பார்க்கிறேன். எல்லாவற்றிலும் "இயற்கையின் கொடை" என்று ஒரு வரி தவறாமல் வருகிறது. குன்றும் ஆறும் இயற்கை கொடுத்தவை, சரி. தடத்தை இயற்கை கொடுக்கவில்லை. ஒவ்வொரு வளைவையும் யாரோ மழையில் நின்று மண்வெட்டியால் வெட்டியிருக்கிறார்கள். அதைக் கெடாமல் வைத்திருக்க இன்னும் யாரோ வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களில் பலருக்குச் சம்பளம் கிடையாது. அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

அந்தக் காடே மனிதர் நட்டதுதான். முதல் உலகப் போரில் பிரிட்டனுக்கு மரத்தட்டுப்பாடு வந்தது. 1919ல் வன ஆணையம் அமைத்து, குன்றுகளில் மரம் நட ஆரம்பித்தார்கள். அதிகம் நட்டது சிட்கா ஸ்ப்ரூஸ், வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து வந்த மரம். இந்த ஊர்களுக்குச் சோறு போட்டது அப்போது கம்பளி ஆலைகள். இன்னர்லீத்தனில் 18ம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஆலை வந்துவிட்டது. பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. 1962ல் ரயிலும் நின்றது. பீபிள்ஸுக்கும் இன்னர்லீத்தனுக்கும் இடையே ரயில் போன தடத்தில் இப்போது சைக்கிள் பாதை. குழந்தைகளோடு வருகிறவர்கள் அதிலேயே ஒரு நாளைக் கழிக்கலாம், ஏற்றமே இல்லை.

அப்புறம் 2001. ஆடு மாடுகளுக்குக் கோமாரி நோய் பரவி, பிரிட்டன் முழுக்க 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். நோய் பரவாமலிருக்கக் கிராமப்புறப் பாதைகளை மூடினார்கள். ஆடு வளர்ப்பவருக்கும் அடி, விடுதி நடத்துபவருக்கும் அடி. தெற்கு ஸ்காட்லாந்துக்கு மறுபடி ஆட்களை வரவைக்க வன ஆணையம் கையிலெடுத்த திட்டங்களில் ஒன்றுதான் செவன்ஸ்டேன்ஸ். ஏழு இடங்களில் மவுண்டன் பைக் மையங்கள், ஒவ்வொன்றிலும் அடையாளமாக ஒரு கல் சிற்பம். பீபிள்ஸுக்குப் பக்கத்திலுள்ள க்ளென்ட்ரெஸும் இன்னர்லீத்தனும் சேர்ந்து அதில் ஒன்று.

க்ளென்ட்ரெஸ் நல்ல இடம். பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று தடங்களுக்கு நிறம் போட்டிருப்பார்கள். புதியவர் பச்சையில் தொடங்கி, கை பழகியதும் நீலத்துக்குப் போகலாம். கல் பரப்பிய உறுதியான தடம் என்பதால் மழைக்காலத்திலும் தாங்கும். 2023 ஆகஸ்டில் உலக சாம்பியன்ஷிப்பின் கிராஸ் கன்ட்ரி பந்தயங்கள் அங்கேதான் நடந்தன. ஆண்களில் டாம் பிட்காக், பெண்களில் பாலின் ஃபெர்ரான் ப்ரெவோ ஜெயித்தார்கள். நண்பர்கள் படம் எடுத்துப் போடுவதெல்லாம் பெரும்பாலும் இங்கிருந்துதான். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

என் மனசு கிடப்பது இன்னர்லீத்தனுக்கு மேலே உள்ள கேபர்ஸ்டன் காட்டில். கீழே கோல்ஃப் மைதானம் இருப்பதால் எல்லோரும் அதைக் 'கோல்ஃபி' என்பார்கள். வாசல் கிடையாது, டிக்கெட் கிடையாது, நிறம் போட்ட பலகைகளும் கிடையாது. உள்ளூர்க்காரர்கள் வேலை முடிந்த சாயங்காலங்களிலும் வார இறுதிகளிலும் மண்வெட்டியோடு போய் வெட்டிய தடங்கள் அவை. பல வருடங்கள் யாரிடமும் கேட்காமலேதான் வெட்டினார்கள். 2014ல் எண்டியூரோ வேர்ல்ட் சீரிஸ் என்ற, இறக்கங்களுக்கு மட்டும் நேரம் கணக்கிடும் உலகப் பந்தயத் தொடர் முதல்முறையாக இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தபோது, உலகின் முதல்வரிசை வீரர்கள் வந்து இறங்கியதும் இப்படிக் கையால் வெட்டிய தடங்களில்தான்.

இங்கே சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்னர்லீத்தனுக்குத் தெற்கே ஆற்றைத் தாண்டினால் ட்ராக்வெயர் மாளிகை. கரடிச் சிலைகள் நிற்கும் அதன் பெரிய வாசற்கதவு 1745லிருந்து மூடியே கிடக்கிறது. ஸ்டூவர்ட் வம்சத்து அரசர் மறுபடி முடிசூடும் நாள்வரை திறப்பதில்லை என்று அந்தக் குடும்பம் சபதம் எடுத்ததாகக் கதை. ஊரில் கதவு இப்படி மூடிக் கிடக்கிறது, நாட்டின் சட்டமோ வழியைத் திறந்துவிட்டது. 2003ல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் நிலச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது, அதில் தந்த இந்த உரிமை 2005 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. நிலம் யார் பெயரில் இருந்தாலும் நடந்தோ, சைக்கிளிலோ, குதிரையிலோ போகலாம், பொறுப்போடு போக வேண்டும் என்பதுதான் நிபந்தனை. வீட்டைச் சுற்றிய தோட்டம், பயிர் நிற்கும் வயல் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2000ல் வந்த சட்டம் இந்த உரிமையைக் காலால் நடப்பவருக்கு மட்டும்தான் தந்தது, அதுவும் குறித்துவைத்த நிலங்களில்தான். அங்கே சைக்கிள்காரர் குதிரைப் பாதைகளைப் போல அனுமதித்த சில வழிகளைத்தான் தேடிப் போக வேண்டும். ஸ்காட்லாந்து செய்ததே சரி என்பது என் திடமான கருத்து. இங்கிலாந்து இன்னும் தயங்கிக்கொண்டிருப்பதில் எனக்கு வருத்தம்.

ஆனால் போகலாம் என்ற உரிமை, வெட்டலாம் என்ற உரிமையாகாது. தடம் போட நிலத்துக்குரியவரின் சம்மதம் வேண்டும். அதற்காகத்தான் ட்வீட் பள்ளத்தாக்குத் தடங்கள் சங்கம் என்ற தொண்டு அமைப்பு வந்தது. வனத்துறையோடு பேசி, எந்தத் தடம் இருக்கலாம், யார் பார்த்துக்கொள்வது என்று ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். வனத்துறையும் "அத்தனையையும் அழி" என்று புல்டோசரை அனுப்பாமல் உட்கார்ந்து பேசியது. இரு தரப்பையும் நான் மனசாரப் பாராட்டுகிறேன். திருட்டுத்தனமாக வெட்டினார்கள் என்று அந்த ஆரம்பகால ஆட்களை இன்றும் குறை சொல்கிறவர்கள், அதே தடங்களில் ஓட்டிவிட்டுத்தான் சொல்கிறார்கள்.

தடம் வெட்டுவது என்றால் ஏதோ புல்லைச் செதுக்கிவிட்டுப் போவது என்று நினைக்க வேண்டாம். தடத்துக்கு முதல் எதிரி தண்ணீர். சரிவில் நேராக மேலிருந்து கீழே கோடு போட்டால் இரண்டு மழையில் அது ஓடையாகிவிடும். அதனால் தடத்தின் சாய்வு, சரிவுடைய சாய்வில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். தடத்தின் வெளி ஓரம் உள் ஓரத்தைவிடச் சற்றே தாழ்ந்திருக்க வேண்டும். அங்கங்கே தடம் ஒரு பள்ளத்தில் இறங்கிக் கொஞ்சம் ஏற வேண்டும், அப்போதுதான் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் பக்கவாட்டில் வெளியேறும். கோல்ஃபியின் பல தடங்கள் இந்தக் கணக்கையெல்லாம் மீறிச் செங்குத்தாகப் பாய்பவை. ஓட்டுகிறவர்களுக்குப் பிடிப்பதும் அதனால்தான், சீக்கிரம் தேய்ந்துபோவதும் அதனால்தான்.

தடங்களைச் செப்பனிடச் சங்கம் ஆட்களைக் கூட்டும் நாளைத் 'தோண்டும் நாள்' என்பார்கள். குளிர்காலத்தில் அப்படி ஒரு நாளில் நானும் போனேன். எனக்குக் கிடைத்த வேலை வடிகால் சுத்தம் செய்வது. தடத்தின் குறுக்கே ஒரு முழ அகலத்தில் பள்ளம். அதில் ஸ்ப்ரூஸ் ஊசிகள் அடர்ந்து, கறுத்த களியாக இறுகிக் கிடந்தன. அள்ளி அள்ளிப் போட்டும் தண்ணீர் அசையவில்லை. பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "உள்ளே அடைப்பில்லை, வெளியே போகிற வாயில்தான் அடைப்பு. அங்கே வெட்டு" என்றார். சரிவோரத்தில் இரண்டு முறை மண்வெட்டியைப் போட்டேன். தேங்கி நின்ற அத்தனையும் பழுப்பாகப் புரண்டு கீழே ஓடியது. அவர் அதற்குள் அடுத்த வடிகாலுக்குப் போய்விட்டார். அந்தத் தடம் முழுக்க அப்படி எத்தனையோ வடிகால்கள், ஒவ்வொன்றையும் வருடா வருடம் யாராவது திறந்துவிட வேண்டும்.

காடோ மரத்துக்காக வளர்த்த காடு. வளர்ந்ததும் வெட்டத்தான் செய்வார்கள். ராட்சத இயந்திரம் வந்து போனால் பல வருட உழைப்பு ஒரு வாரத்தில் கிளைக்குப்பைக்கு அடியில் போய்விடும். 2021 நவம்பரில் ஆர்வென் புயல் அடித்தபோது இந்தப் பகுதியில் மரங்கள் கொத்துக் கொத்தாகச் சாய்ந்தன. ஈர மண்ணில் ஸ்ப்ரூஸுக்கு வேர் ஆழமாக இறங்காது, காற்று வந்தால் வேர்த்தட்டோடு பெயர்ந்து விழும். லார்ச் மரங்களுக்கோ வேறொரு நோய், பரவாமலிருக்க அவற்றையும் வெட்டித் தள்ளுகிறார்கள். இதில் யார் மீதும் குற்றம் இல்லை. ஆனால் எந்தப் பகுதியை எப்போது வெட்டப்போகிறார்கள் என்று திட்டமிடும் மேசையில் தடம் பராமரிப்பவர்களுக்கும் ஒரு நாற்காலி வேண்டும். வெட்டி முடிந்ததும் தடத்தை மீட்டுக்கொடுப்பதை மர அறுவடைச் செலவிலேயே சேர்க்க வேண்டும். ரோட்டை நோண்டுகிறவர் மூடிவிட்டுப் போவதில்லையா, அதுபோலத்தான்.

பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். இந்தத் தடங்களால் விடுதிக்கு வருமானம், காபிக்கடைக்கு வருமானம், சைக்கிள் வாடகைக்குக் கொடுப்பவருக்கு வருமானம். நல்லது, அந்த ஊர்கள் பிழைக்க வேண்டும். ஆனால் கோல்ஃபியில் ஓட்டுகிறவர் தடத்துக்கென்று ஒரு பென்னி கூடக் கொடுக்காமல் வீடு திரும்ப முடியும். பல லட்ச ரூபாய் சைக்கிளை வேனிலிருந்து இறக்குகிறவர்கள், ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசைச் சங்கத்துக்கு அனுப்ப யோசிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. உலகப் பந்தயம் நடத்தப் பணம் ஒதுக்கும் அரசு, பந்தயம் முடிந்த பிறகு வரும் பத்து வருடப் பராமரிப்புக்கும் அப்போதே ஒதுக்க வேண்டும்.

போகிறவர்கள் தயவுசெய்து சிலவற்றைக் கவனியுங்கள். தடம் தொடங்கும் இடத்தில் 'மூடப்பட்டுள்ளது' என்று நாடா கட்டியிருந்தால் அதைத் தாண்டிப் போகாதீர்கள். உள்ளே மரம் வெட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது நேற்றுப் போட்ட மண் இன்னும் இறுகாமல் இருக்கலாம். செங்குத்தில் பின் பிரேக்கைப் பூட்டிச் சறுக்கிக்கொண்டு இறங்காதீர்கள், அது மேல்மண்ணை அப்படியே வாரிக்கொண்டு போகும். அந்த இறக்கம் பயமாக இருந்தால் க்ளென்ட்ரெஸில் நீலத்தையும் சிவப்பையும் முதலில் நன்றாகப் பழகிவிட்டு வாருங்கள். வசந்தகாலத்தில் ஆடுகள் குட்டி போடும் நேரம் புல்சரிவு வழியாகப் போகாமல் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லையென்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு, தாயையும் குட்டியையும் பிரிக்காமல் சுற்றிப் போங்கள். வேலிக்கதவு திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடிவிட்டு.

எடின்பரோ, கிளாஸ்கோ பக்கம் இருக்கிற நண்பர்களிடம் இன்னொன்றும் கேட்கிறேன். தோண்டும் நாட்களைச் சங்கம் தன் பக்கத்தில் அறிவிக்கும். ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. தண்ணீர் புகாத பூட்ஸ், தடித்த கையுறை, ஒரு ஃபிளாஸ்க் தேநீர் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தது அறிவித்ததும் இங்கேயே பகிர்கிறேன். வருகிறவர்கள் கீழே சொல்லுங்கள், எடின்பரோவிலிருந்து பேருந்தில் சேர்ந்தே போய்விடலாம்.