படம் ஓட்டும் கேபினில் இருப்பவரைத் திட்டி முடித்தாயிற்றா?

திரைப்பட விழாவில் சனிக்கிழமை இரவு 9 மணிக் காட்சி ஓடாமல் ரத்தானது பற்றி எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டீர்கள். "ஆபரேட்டர் தூங்கிட்டான்", "பட்டன் அமுக்கத் தெரியாதவனை கேபின்ல உட்கார வெச்சா இப்படித்தான்". விழாக் குழுவும் தன் பங்குக்கு 'எதிர்பாராத தொழில்நுட்பக் கோளாறு' என்று இரண்டு வரி எழுதிக் கையைக் கழுவிக்கொண்டது.

எதிர்பாராததாம்! கூட்டம் அதிகம் என்று மதியம் 2 மணிக்குப் படத்தை 2ஆம் அரங்கிலிருந்து 4ஆம் அரங்குக்கு மாற்றியது யார்? அந்த அறிவிப்பைப் பார்த்ததுமே கேபின் வேலை தெரிந்த எவருக்கும் வயிற்றைக் கலக்கியிருக்கும். 9 மணிக்குப் படம் ஓடாது என்பது 2 மணிக்கே முடிவான விஷயம். கோளாறு எதிலும் இல்லை. ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து எடுத்த முடிவு அது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விழாப் படம் டிசிபி என்ற டிஜிட்டல் கோப்புத் தொகுப்பாக ஹார்டு டிஸ்கில் வருகிறது. இரண்டு மணி நேரப் படம் என்றால் 150 ஜிபி சாதாரணம், 200ஐத் தாண்டுவதும் உண்டு. பல படங்களைப் பூட்டித்தான் அனுப்புவார்கள். திறக்கிற சாவி, அதாவது கேடிஎம், மின்னஞ்சலில் தனியாக வரும். சில கிலோபைட் கோப்புதான். ஆனால் அது குறிப்பிட்ட படத்தின் குறிப்பிட்ட வடிவத்துக்கு, குறிப்பிட்ட சர்வருக்கு (அரங்கில் படத்தை ஓட்டும் கணினி), குறிப்பிட்ட நாள் நேரத்துக்கு மட்டுமே செல்லுபடியாகும். 2ஆம் அரங்கின் சர்வருக்குச் செய்த சாவி 4ஆம் அரங்கில் திறக்காது. ஆபரேட்டர் தலைகீழாக நின்றாலும் திறக்காது. சர்வர் கடிகாரத்தை மாற்றி வைத்து ஏமாற்றியிருக்கலாமே என்று ஒரு மேதை கேட்டிருந்தார். ஆண்டுக்கு 6 நிமிடத்துக்கு மேல் நகர்த்த முடியாதபடிதான் அந்தக் கடிகாரத்தையே வடிவமைத்திருக்கிறார்கள் ஐயா. அப்படியே நகர்ந்தாலும் அடுத்த அரங்கின் சாவி அடுத்த அரங்கின் சாவிதான்.

புதுச் சாவியை யார் தருவார்? படத்தின் உரிமையாளர் சொன்னால் அவருடைய லேப், அதாவது தொகுப்பையும் சாவியையும் செய்து தரும் நிறுவனம், தரும். சனிக்கிழமை மாலை, வேறு தேசத்தில், பூட்டிக் கிடக்கிற அலுவலகத்தில் யார் போனை எடுப்பார்கள்?

"அப்போ கூட்டம் வந்தா பெரிய அரங்குக்கு மாத்தவே கூடாதா?" மாற்றுங்கள். தாராளமாக மாற்றுங்கள். அதற்குத்தான் ஒரு மாதம் முன்னாலேயே எல்லா அரங்குகளின் சர்வர் எண்களையும் அவற்றை அடையாளம் காட்டும் டிஜிட்டல் சான்றிதழ்களையும் லேபுக்கு அனுப்பி, "ஒவ்வொன்றுக்கும் ஒரு சாவி கொடுங்கள், முதல் காட்சிக்கு இரண்டு நாள் முன்பிருந்தே செல்லும்படி கொடுங்கள்" என்று கேட்க வேண்டும். சாவிக்கு இவ்வளவு என்று சில லேப்கள் காசு கேட்பதுண்டு. மேடை அலங்காரத்தில் ஒரு பூக்கூடையைக் குறைத்தால் சரியாகிவிடும்.

இன்னொன்றையும் யாரும் கேட்கவில்லை. 2 மணிக்கு முடிவெடுத்தவர்கள் டிஸ்கைக் கேபினுக்கு அனுப்பியது 7 மணிக்கு. பழைய யுஎஸ்பி வழியில் நொடிக்கு 30 எம்பி என்று வைத்தால் 150 ஜிபி ஏறவே ஏறக்குறைய 1 மணி 25 நிமிடம். திரையில் வேறு படம் ஓடிக்கொண்டிருந்தால் சில சர்வர்கள் ஏற்றும் வேகத்தை இன்னும் குறைத்துவிடும். ஏறி முடிந்த பிறகுதான் சாவி செல்லாது என்பதே திரையில் தெரிந்திருக்கும். அப்போது மணி 8:50. வெளியே வரிசை.

"பென் டிரைவ்ல போட்டிருக்கலாமே?" இதற்குப் பதில் சொல்லப் போவதில்லை.

"ஒரு தடவைதானே, எங்கேயும் நடக்கிறதுதானே?" ஒரு தடவையா? வெள்ளிக்கிழமை காலை ஒரு படம் வசனவரி (சப்டைட்டில்) இல்லாமல் 20 நிமிடம் ஓடியதே, அது எந்தக் கணக்கு? வசனவரி பல நேரம் தனித் துணைத் தொகுப்பாக வரும். மூலத் தொகுப்பை மட்டும் ஏற்றினால் படம் ஓடும், எழுத்து வராது. துணைத் தொகுப்பை மட்டும் ஏற்றினால் படமே ஓடாது. இரண்டும் வேண்டும். இரண்டாவது டிஸ்க் அலுவலக மேசையில் கிடந்தால் ஆபரேட்டர் என்ன மந்திரமா போடுவார்? அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில் எல்லோருக்கும் நெற்றிக்கு மேலே வெட்டுப்பட்டதே, அதுவும் இதே கதைதான். உயரத்தைப் போல 1.37 மடங்கு அகலமுள்ள பழைய படத்தை ஃபிளாட் என்ற இன்னும் அகலமான சட்டத்துக்குள் இரு பக்கமும் கறுப்பு விட்டு வைத்திருப்பார்கள். முந்தைய படத்துக்குப் போட்ட ஸ்கோப் என்ற அதைவிட அகலமான அமைப்பிலேயே ஓட்டினால் மேலும் கீழும் திரைக்கு வெளியே வழியும். கேபினுக்குப் போன தாளில் அளவு எழுதவில்லை. தாளே போகவில்லை என்றும் கேள்விப்பட்டேன்.

சோதனை ஓட்டம் எவ்வளவு நேரம் பிடிக்கும் தெரியுமா? முதல் 2 நிமிடம், நடுவில் வசனம் உள்ள ஓர் இடம், கடைசி 5 நிமிடம். சட்ட அளவு, வசனவரி, எல்லா ஸ்பீக்கரிலும் ஒலி, விளக்குப் போட வேண்டிய நொடி. படத்துக்கு 15 நிமிடம். 100 படம் என்றால் 25 மணி நேரம். நான்கு அரங்குக்குப் பிரித்தால் ஆளுக்கு ஆறேகால் மணி. ஓர் இரவு! அந்த ஓர் இரவைத்தான் தரவில்லை. தொடக்க விழாவுக்கு முந்தைய இரவு 4ஆம் அரங்கில் மேடை ஒத்திகை நடந்தது. வரவேற்புரை ஒத்திகை.

ரீல் காலத்திலிருந்து கேபினில் இருக்கும் ஒரு பெரியவர் இருக்கிறார். 20 நிமிடத்துக்கு ஒரு ரீல், இரண்டு புரொஜெக்டர், மூலையில் வரும் புள்ளியைப் பார்த்து மாற்ற வேண்டும். ஒரு நொடி பிசகினால் அரங்கம் கத்தும். "அப்ப கத்துனா நியாயம் தம்பி, தப்பு என் கையில இருந்துச்சு. இப்ப தப்பு எங்கேயோ நடக்குது, கத்து மட்டும் எனக்கு வருது" என்பார். சனிக்கிழமை கேபின் கண்ணாடித் துளைக்குக் கீழே நின்று கத்தியவர்கள் உலக சினிமா ரசிகர்கள். மனிதநேயப் படங்களுக்குக் கண்ணீர் விடுகிறவர்கள். வாசலில் நின்ற கல்லூரித் தன்னார்வலப் பிள்ளையையும் விட்டுவைக்கவில்லை.

"குழுவும் சம்பளம் வாங்காமத்தான் வேலை செய்யுது" என்று வருவீர்கள். மதிக்கிறேன். சம்பளம் வாங்காதவர் முடிவெடுத்தாலும் முடிவு முடிவுதான். பழியைச் சம்பளம் வாங்குகிற ஆபரேட்டர் தலையில் இறக்குவது என்ன வகைச் சேவை? விழா மலரில் பை கொடுத்தவர், பேனர் அடித்தவர் பெயர் எல்லாம் இருக்கிறது. நாளுக்கு ஐந்து காட்சி ஓட்டுகிற ஒருவர் பெயரும் இல்லை. சாப்பிடக்கூட இடைவெளி விடாமல் அட்டவணை போட்டவர்களுக்குப் பெயர் எங்கே நினைவிருக்கப் போகிறது.

ரத்தான படத்தை வியாழன் காலை 9 மணிக்கு மறுபடி போடுவதாக அறிவித்திருக்கிறீர்கள். எந்த அரங்கு என்று இன்னும் சொல்லவில்லை. கையிலிருக்கும் சாவியின் கெடு என்றைக்கு முடிகிறது, அதில் போட்டிருக்கும் நேரம் லேப் இருக்கும் ஊர் நேரமா நம் நேரமா என்று இன்றைக்கே யாராவது திறந்து பாருங்கள். டிஸ்கைப் புதன் இரவே கேபினில் கொடுத்துவிடுங்கள், இரண்டு தொகுப்பும் சேர்த்து.