எம்ஏஓஏ இருந்தால் வன்முறையாளரா?

எம்ஏஓஏ மரபணு இருப்பவர்கள் பிறவியிலேயே வன்முறையாளர்கள், 1993-லேயே இதை நிரூபித்துவிட்டார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியில்லை. முதலில், இந்த மரபணு எல்லோரிடமும் இருக்கிறது. செரட்டோனின், டோபமைன் போன்ற மூளை வேதிப்பொருள்களைச் சிதைக்கும் நொதி உருவாவது இதனால்தான்.

1993-இல் மரபியல் ஆய்வாளர் ஹான் புருன்னரின் குழு ஆராய்ந்தது நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரே ஒரு குடும்பத்தை. அதில் ஆக்ரோஷமாக நடந்துகொண்ட ஆண்களிடம் அந்த நொதி அறவே வேலை செய்யவில்லை. அது மிக அரிய கோளாறு. இதே மரபணுவில், நொதி சற்றுக் குறைவாக உருவாகும் வகையோ ஏராளமானவர்களிடம் சாதாரணமாகக் காணப்படுவது. இரண்டையும் ஒன்றாக்கியதில்தான் குழப்பமே.

அந்தச் சாதாரண வகையைப் பற்றித்தான் 2002-இல் உளவியலாளர்கள் அவ்ஷலோம் காஸ்பி, டெர்ரி மோஃபிட் குழுவின் ஆய்வு வந்தது. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73-இல் பிறந்தவர்களைக் குழந்தைப் பருவத்திலிருந்தே தொடர்ந்து கவனித்த ஆய்வு அது. குறைந்த நொதி வகை மட்டும் இருந்தால் வன்முறை கூடவில்லை. சிறுவயதில் கொடுமைக்கும் ஆளானவர்களிடம்தான் அந்த வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. பகிரும்போது இந்தப் பாதியை விட்டுவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் நாம் தடுக்கக்கூடியது அதுதான்.

அப்புறம், இந்த முடிவும் பின்னால் வந்த எல்லா ஆய்வுகளிலும் அப்படியே கிடைக்கவில்லை. ஆக்ரோஷத்தில் மரபுக்குப் பங்கு உண்டு என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்வது உண்மை. ஆனால் அது ஏராளமான மரபணுக்களின் சின்னச் சின்னத் தாக்கம். ஒரு மரபணுப் பரிசோதனையை வைத்து இவர் குற்றம் செய்வார் என்று யாராலும் சொல்ல முடியாது.