காய்ந்த சாணம் மக்கிய எரு ஆகிவிடாது

தோட்டம் போடுகிறவர்கள் நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் "எருவில் நோய்க்கிருமி இருக்கலாம்" என்று சொல்லிப் பாருங்கள். ரசாயன உரக் கம்பெனியின் ஆள் என்ற பட்டம் அடுத்த நிமிடமே வந்து சேரும். எனக்கு இரண்டு முறை கிடைத்திருக்கிறது. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பத்து ஆண்டுகளுக்கு மேலாக என் தோட்டத்துக்கு எருதான் போடுகிறேன், இனியும் அதைத்தான் போடுவேன். எருவோடு எனக்குப் பகை இல்லை. "இயற்கையானது, அதனால் ஒன்றும் செய்யாது" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார்களே, அதோடுதான் சண்டை.

இதை எழுத வைத்தவர் ஒரு நண்பர். அவருடைய தோட்டத்தைப் பார்க்கப் போயிருந்தேன். கீரைப் பாத்தி பச்சைப் பசேலென்று இருந்தது. நான்கு நாள் முன்பு பச்சைச் சாணத்தைக் கரைத்துப் பூவாளியில் ஊற்றியதாகப் பெருமையோடு சொன்னார். சொன்ன கையோடு ஓர் இலையைக் கிள்ளி என்னிடம் நீட்டி, "மருந்தே படாதது, அப்படியே சாப்பிடுங்கள்" என்றார். அவருடைய மூன்று வயது மகள் பக்கத்தில் நின்று ஏற்கெனவே ஒன்றை மென்றுகொண்டிருந்தாள். எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை.

மாட்டின் குடலில் ஈ.கோலை ஓ157 என்ற பாக்டீரியா இருக்கலாம். எல்லா மாட்டிலும் இருக்காது. ஆனால் இருக்கிற மாடு நோயாளி போலத் தெரியாது. நன்றாக மேயும், பால் கொடுக்கும், பளபளப்பாக இருக்கும். "எங்கள் மாடு ஆரோக்கியமானது" என்ற வாதம் இங்கே எடுபடாமல் போவது அதனால்தான். மனிதருக்கு நோய் தரும் கிருமி என்று இது 1982-இல்தான் அடையாளம் காணப்பட்டது. நூற்றுக்கும் குறைவான எண்ணிக்கையில் உள்ளே போனாலே நோய் வரக்கூடும். கண்ணுக்குத் தெரியாத ஒரு சாணத் துணுக்குப் போதும். ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கில் தொடங்கும். பெரும்பாலானவர்கள் ஒரு வாரத்தில் எழுந்துவிடுவார்கள். நோய் உறுதியானவர்களில் ஏறத்தாழ 5 முதல் 10 சதவீதம் பேருக்கு மட்டும், பாக்டீரியாவின் நச்சு சிறுநீரகத்தைத் தாக்கும். அந்தச் சிலரில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்தான் அதிகம். ஆன்டிபயாடிக் கொடுத்து முடித்துவிடலாம் என்றால் அதுவும் சிக்கல்: கிருமி சாகும்போது நச்சு இன்னும் கூடுதலாக வெளியேறலாம் என்பதால் மருத்துவர்களே தயங்குவார்கள். அந்தச் சிறுமியின் வாயைப் பார்த்து நான் ஏன் வாயடைத்துப் போனேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. 1992-இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், மாட்டெரு போட்ட ஒரு வீட்டுத் தோட்டத்தோடு இதே கிருமியின் தொற்று தொடர்புபடுத்தப்பட்டு, மருத்துவ இதழில் பதிவானது. 2006-இல் அதே நாட்டில் பையில் அடைத்து விற்ற பசலைக்கீரையால் சுமார் 200 பேர் நோயுற்றார்கள், மூவர் இறந்தார்கள். கலிஃபோர்னியாவில் வயலை ஒட்டிய பண்ணையின் மாட்டுச் சாணத்திலும் காட்டுப்பன்றியின் கழிவிலும் அதே வகைக் கிருமி கிடைத்தது. அது கீரைக்கு எந்த வழியாக வந்தது என்பது கடைசிவரை உறுதியாகவில்லை, எரு போட்டதால்தான் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். 2011-இல் ஜெர்மனியில் பலரைக் கொன்ற ஈ.கோலை தொற்றையும் சிலர் எருவின் தலையில் கட்டுகிறார்கள். அது தவறு. அங்கே விசாரணை போய் நின்ற இடம் முளைகட்டிய வெந்தயம். எருவைக் குற்றவாளி ஆக்குகிறவர்களும் சரியான சாட்சியோடுதான் வர வேண்டும்.

பேச்சு வந்தபிறகு கிருமி விஷயத்தை நண்பரிடம் சொன்னேன். அவர் உடனே ஒரு சமாதானம் சொன்னார்: "இனிமேல் ஆறு மாதம் காயப்போட்டுவிட்டுப் போடுகிறேன்." எரு போடுகிறவர்களில் பாதிப் பேர் வழுக்கி விழும் இடம் இதுதான். காய்வது வேறு, மக்குவது வேறு. வெயிலில் கிடந்து வறட்டியான சாணத்தில் வாடை போய்விடும், ஈ மொய்க்காது, கையில் எடுக்க அருவருப்பு இருக்காது. நம் மூக்கும் கண்ணும் "பாதுகாப்பு" என்று முத்திரை குத்திவிடும். கிருமிக்கு நம் மூக்கைப் பற்றி என்ன கவலை? ஆராய்ச்சிக்காகக் கிளறாமல் விட்டுவைத்த ஒரு செம்மறியாட்டு எருக் குவியலில் ஓ157 கிருமி 21 மாதம் உயிரோடு இருந்திருக்கிறது. காற்றோட்டம் கொடுத்த குவியலில் அதைவிட வெகு சீக்கிரம் அழிந்தது. ஆறு மாதம், ஒரு வருடம் என்று நாள்காட்டியைக் காட்டி மட்டும் பேசினால் எனக்கு ஏன் எரிச்சல் வருகிறது என்பதற்கு இந்த 21 மாதம் போதும்.

கிருமியைக் கொல்வதில் பெரும்பங்கு சூட்டுக்குத்தான். எருவோடு காய்ந்த இலை, வைக்கோல் போன்ற கரிமச்சத்து உள்ளவற்றை அடுக்கி, பிழிந்தால் ஒன்றிரண்டு துளி கசியும் அளவுக்கு ஈரம் வைத்தால், நுண்ணுயிர்கள் தின்று பெருகும் வேகத்திலேயே குவியல் கொதிக்கத் தொடங்கும். அமெரிக்காவின் இயற்கை வேளாண்மை விதிகளில் இதற்குக் கணக்கு இருக்கிறது: நீண்ட வரப்புபோல வரிசைக் குவியலாகப் போட்டால் 55 முதல் 77 டிகிரி செல்சியஸ் சூடு 15 நாள் நிற்க வேண்டும், அதற்குள் குறைந்தது 5 முறை கிளறிப் புரட்ட வேண்டும். கிளறுவது காற்றுக்காக மட்டும் அல்ல. நடுவில் 60 டிகிரி இருக்கும்போது ஓரம் 30-இல் கிடக்கும். ஓரத்தில் ஒதுங்கிய கிருமி சொகுசாக உட்கார்ந்திருக்கும். உள்ளதை வெளியேயும் வெளியே உள்ளதை உள்ளேயும் மாற்றிப் போட்டால்தான் எல்லாப் பகுதியும் சூட்டைப் பார்க்கும்.

நீண்ட கம்பி உள்ள வெப்பமானி ஒன்று வாங்கும்வரை என் குவியலும் கொதிக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும், காலையில் ஆவி கிளம்பும், அதுவே போதும் என்று எண்ணியிருந்தேன். வெப்பமானி காட்டியது 42. வருடக்கணக்கில் நான் கிருமிக்கு இதமான வெந்நீர் ஒத்தடம் கொடுத்திருக்கிறேன்! குவியல் சின்னதாக இருந்ததுதான் காரணம். நீள அகல உயரம் ஒவ்வொன்றும் ஒரு மீட்டராவது இல்லையென்றால் சூடு தங்காமல் ஓடிவிடும். கடையில் வாங்கும் மூட்டையையும் நம்பிவிட முடியாது. "நன்கு மக்கியது" என்று அச்சிட்ட ஒரு மூட்டையைப் பிரித்தபோது அம்மோனியா வாடையில் கண் எரிந்து தண்ணீர் வந்தது. மக்கிய எருவுக்கு மழை விழுந்த மண்ணின் வாசம் இருக்க வேண்டும்.

அவ்வளவு பெரிய குவியல் போட இடமில்லாதவர்கள் காலத்தைத்தான் நம்ப வேண்டும். ஆனால் சரியான இடத்தில். அதே அமெரிக்க விதிகளின்படி, மண்ணில் படும் விளைச்சல் என்றால் பச்சை எருவை மண்ணில் கலந்து 120 நாள் கழித்துத்தான் அறுக்கலாம். மண்ணில் படாதது என்றால் 90 நாள். கேரட், முள்ளங்கி, கீரை எல்லாம் முதல் வகை. பந்தலில் தொங்கும் காய்கள் இரண்டாவது வகை. மண்ணோடு கலந்த எருவில் உள்ள கிருமி வெயில், வறட்சி, மண்ணின் மற்ற உயிர்களுடைய போட்டி என்று நாளாக நாளாகக் குறையும். வளர்ந்து நிற்கும் கீரையின் மேல் கரைசலை ஊற்றுவது இந்தக் கணக்கு எதிலும் அடங்காது. மண்ணில் போட்டாலும் ஒரு கனத்த மழை போதும், தெறித்து இலையின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். கழுவினால் குறையும், முழுக்கப் போகாது. நன்றாக வேகவைத்தால் கவலை இல்லை.

கோழி எச்சத்துக்குத் தனிப் பத்தி எழுதலாம். சுருக்கமாகச் சொன்னால், அதில் வயிற்றுப்போக்கு தரும் சால்மோனெல்லா, கேம்பைலோபேக்டர் என்ற பாக்டீரியாக்கள் எதிர்பார்க்க வேண்டியவை. நாய், பூனைக் கழிவு காய்கறித் தோட்டத்துக்கு எந்த வடிவிலும் வேண்டாம், மக்கவைத்தும் வேண்டாம். நாயின் உருண்டைப்புழு முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்; குழந்தையின் வயிற்றுக்குள் போனால் அதன் இளம்புழு கண்ணுக்குக்கூடப் பயணப்படும். பூனை வளர்க்காதவர்களும் தப்பிக்க முடியாது. நாம் கிளறிப் பொலபொலப்பாக்கி வைத்திருக்கும் பாத்திதான் தெருப் பூனைக்குப் பிடித்த கழிப்பறை. அதன் கழிவில் வரும், வயிற்றிலுள்ள கருவையும் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி ஒன்று முதல் ஐந்து நாளில் தொற்றும் பக்குவத்துக்கு வந்து, மண்ணில் ஓராண்டுக்கு மேலும் இருக்கக்கூடியது. கர்ப்பிணிகள் கையுறை இல்லாமல் மண்ணைத் தொட வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

தூசியையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நெதர்லாந்தில் 2007 முதல் 2010 வரை 4,000 பேருக்கு மேல் க்யூ காய்ச்சல் வந்தது. பால் ஆட்டுப் பண்ணைகளிலிருந்து காற்றில் பரவிய பாக்டீரியாதான் காரணம். குட்டி போடும்போதும் கரு கலையும்போதும் ஆட்டிலிருந்து அது ஏராளமாக வெளியேறும். வீட்டுத் தோட்டத்தின் ஒரு கூடைப் புழுக்கையை அந்தப் பண்ணைகளோடு ஒப்பிட முடியாது, தெரியும். ஆனாலும் காய்ந்த எருவை உதறும் முன் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொள்வதிலும் மூக்கை மூடிக்கொள்வதிலும் நமக்கு என்ன நஷ்டம்?

டெட்டனஸ் விஷயத்தில் நான் என்னையே திட்டிக்கொள்ள வேண்டும். ஒருமுறை களைக்கொட்டு காலில் இறங்கியது. மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியாக எப்போது டெட்டனஸ் ஊசி போட்டீர்கள்?" எனக்குப் பள்ளிக்கூடத்து ஞாபகம்தான் வந்தது. அந்தக் கிருமியின் வித்து குதிரை உள்ளிட்ட விலங்குகளின் குடலிலும் எரு போட்ட மண்ணிலும் சாதாரணமாக இருக்கும். பத்து ஆண்டுக்கு ஒருமுறை ஊசி. எருக்கூடை தூக்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தத் தேதி நினைவிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

"தாத்தா பாட்டி இப்படியெல்லாம் பார்த்தார்களா?" என்ற கேள்வி எப்படியும் வரும். பார்க்கவில்லை. அந்தக் காலத்தில் குழந்தை பேதியில் போனால் எருவை யாரும் சந்தேகிக்கவும் இல்லை. உயிரோடு இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று உட்கார்ந்து இந்தக் கேள்வியைக் கேட்கிறோம்.

நண்பர் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் அவரே அழைத்தார். கீரையை அறுத்து எருக் குவியலிலேயே போட்டுவிட்டாராம், பாத்தியைச் சும்மா விட்டிருக்கிறாராம், என்னுடையதைவிடப் பெரிய வெப்பமானி வாங்கியிருக்கிறாராம். நேற்று இரவு செய்தி அனுப்பியிருந்தார்: "நடுவில் 57. ஓரத்தில் 34." கிளறுங்கள் என்று பதில் போட்டேன். இந்த இருட்டிலா என்று கேட்டார். காலையில் போதும் என்றேன்.