வாக்குச்சாவடிக்குத் துணையாக வருபவர் உறவினராகத்தான் இருக்க வேண்டுமா?

பார்வையற்றவரோ கை இயங்காதவரோ வாக்களிக்கும்போது இரத்த உறவினர் மட்டுமே துணைக்குச் செல்லலாம், சம்பளத்துக்கு வரும் உதவியாளருக்கு அனுமதி இல்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மன்னார்குடி, திருவாரூர்ப் பக்கத்துக் குழுக்களிலும் இது பகிரப்படுகிறது. விதியில் அப்படி இல்லை என்பதைப் பணிவுடன் தெரிவிக்கிறேன்.

1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளில் 49-என் என்ற விதி, சின்னத்தை அடையாளம் காணவோ பொத்தானை அழுத்தவோ இயலாத வாக்காளர், 18 வயது நிறைந்த ஒருவரைத் தம்முடன் வாக்களிக்கும் மறைவிடத்துக்கு அழைத்துச் செல்லலாம் என்கிறது. உறவுமுறை பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. துணையாளர், பதிவான வாக்கை வெளியிடமாட்டேன் என்றும், அன்று வேறு எவருக்கும் துணையாகச் செல்லவில்லை என்றும் உறுதிமொழி தர வேண்டும். வாக்குச்சாவடியின் தலைமை அலுவலர் அதைப் படிவம் 14-ஏ-இல் பதிவு செய்வார். உதவியாளர்கள் உண்மையில் கவனிக்க வேண்டியது இதைத்தான்: ஒரே தெருவில் இருவரிடம் வேலை பார்ப்பவர், அன்று ஒருவருக்கு மட்டுமே துணை போக முடியும், மற்றவருக்கு வேறு ஆள் வேண்டும்.

சட்டங்களை வெளியிடும் இந்திய அரசின் இந்தியா கோட் தளத்திலோ தேர்தல் ஆணையத்தின் தளத்திலோ இவ்விதியை எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். இணையம் இல்லாதவர்கள் 1950 என்ற வாக்காளர் உதவி எண்ணுக்கு அழைத்து, விதி எண்ணைச் சொல்லியே கேட்கலாம். தனியாக வாழும் ஒருவர், உறவினர் இல்லை என்பதற்காக வாக்களிக்காமல் வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.