பீரியட்ஸ் வந்தாத்தான் லூப் போடலாமா? இல்ல தங்கச்சி

லூப் எண்டா பிள்ளை தங்காம இருக்க கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற சின்னக் கருவி. ஒரு அக்கா "பிள்ளை பிறந்து பீரியட்ஸ் திரும்பி வரும்வரைக்கும் லூப் போட ஏலாது, பால் குடுக்கிற ஆக்களுக்கு அது சரிவராது" எண்டு எழுதியிருக்கிறா. கோவிக்காதீங்க அக்கா, அது பிழை.

பிரசவமாகி நச்சுக்கொடி வெளிய வந்த உடனேயே, இல்லாட்டி 48 மணித்தியாலத்துக்குள்ள லூப் போடலாம், சீசர் எண்டா அந்த ஒப்பரேஷன் நேரத்திலயே வைக்கலாம், ஆனா நெறைய ரத்தம் போனா, கிருமித் தொற்று இருந்தா அப்ப போட மாட்டாங்க. அந்த 48 மணித்தியாலம் தவறினா 4 கிழமை பொறுக்கவேணும், கிளினிக்ல அநேகமா 6 கிழமைக்கு வரச் சொல்லுவாங்க. உடனே போட்டா தானா கழண்டு வாற சான்ஸ் கொஞ்சம் கூட, அதால பிறகு லூப்பில இருந்து தொங்குற நூலை செக் பண்ணோணும்.

கொப்பர் லூப்ல ஹோர்மோன் கிடையாது, பாலுக்கு ஒண்டும் செய்யாது. பால் குடுக்கிற காலத்தில போடேக்க கர்ப்பப்பையில துளை விழுற ஆபத்து கொஞ்சம் கூட எண்டது உண்மைதான், எண்டாலும் அது அரிது.

பீரியட்ஸுக்கு காத்திருக்கிறதுதான் உண்மையில ஆபத்து, ஏனெண்டா முதல் பீரியட்ஸ் வரமுதலே முட்டை வெளிவரலாம். வெள்ளவத்தையில எங்கட லேன்லயே ஒரு பிள்ளை அப்பிடி இருந்து, மூத்தவனுக்கு ஒரு வயசு வரமுதலே அடுத்தது வயித்தில. (மாமியார்தான் "பால் குடுக்கிறாய் தானே" எண்டு சொன்னவ!) பால் மட்டும் குடுத்து, பீரியட்ஸ் வராம, பிள்ளைக்கு 6 மாதம் ஆகாம, இந்த மூண்டும் சேர்ந்து இருந்தாத்தான் 'பால் குடுத்தா பிள்ளை தங்காது' எண்ட கதை சரி.

வயித்தில ஏழு மாதமா இருக்கேக்கயே உங்கட ஏரியா மிட்வைஃபிட்ட லூப்பைப் பற்றிக் கேட்டு வையுங்க, வலி வந்தாப் பிறகு யோசிக்க நேரமிருக்காது.